நாலு மணி அலாரத்தின் விலை

‘மனசு வைத்தால் நேரம் தானாகக் கிடைக்கும்.’ மாரத்தான் பயிற்சிக்கு வந்துசேரும் ஒவ்வொரு குடும்பஸ்தருக்கும் முதல் வாரத்திலேயே ஓதப்படும் மந்திரம் இது. ஓட்டக்குழுவில் கோச் சொல்கிறார். மெடலைக் கடித்தபடி படம் எடுத்துக்கொண்டவர் சொல்கிறார். ஆபீஸ் விழாவில் பொன்னாடை போர்த்தப்பட்டவரும் மைக்கைப் பிடித்து இதையே சொல்கிறார். கேட்பவர்கள் கைதட்டுகிறார்கள். இந்தக் கருத்து தவறானது. ஊக்கப்படுத்தச் சொன்னதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. யாருடைய உழைப்பை நம்பி அந்த 42.195 கிலோமீட்டர் ஓடப்படுகிறதோ, அவருடைய பெயரையே கணக்கிலிருந்து இது அழித்துவிடுகிறது.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு எடுத்து வைத்துவிடுவோம். வேலை, வீடு, பிள்ளைகள் என்று காரணம் சொல்லியே உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். நாற்பதில் சர்க்கரை, நாற்பத்தைந்தில் ஸ்டென்ட். இவர்களில் பலருக்கு ராத்திரி இரண்டு மணி நேரம் டிவியிலும் போனிலும் போகிறது. அதைத் தூக்கமாக மாற்றிவிட்டு நாலு மணிக்கு எழுந்தால், வீட்டில் யாரும் கண்விழிக்கும் முன் ஓடிவிட்டு வந்துவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. சென்னை வெயிலில் வேறு வேளையில் நெடுந்தூரம் ஓடவும் முடியாது. ஓடுகிறவரின் ரத்த அழுத்தம் குறையும், எரிச்சல் குறையும், பிள்ளைகளுக்கும் அவர் நல்ல முன்மாதிரியாவார். இத்தனைக்கும் பயிற்சி நாலு மாதம்தான். விபத்தில் அடிபட்ட காலோடும் சர்க்கரை நோயோடும் ஓட ஆரம்பித்து, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்த மா. சுப்பிரமணியன், தமிழ்நாட்டில் அமைச்சரான பிறகும் ஓட்டத்தை விடவில்லை. அவருக்கே நேரம் இருக்கிறதென்றால் உங்களுக்கு என்ன?

இதில் பாதி உண்மை. உடற்பயிற்சி வேண்டும், போன் பார்க்கும் நேரத்தைக் குறைக்கலாம், விடியற்காலை ஓட நல்ல வேளை. இவற்றில் எனக்குத் தகராறில்லை. ‘ஓடலாம்’ என்பதிலிருந்து ‘மாரத்தான் ஓடலாம்’ என்பதற்கும், ‘நேரம் இருக்கிறது’ என்பதிலிருந்து ‘யாருக்கும் நஷ்டமில்லை’ என்பதற்கும் சத்தமில்லாமல் தாவுகிறார்களே, அந்த இரண்டு தாவலைத்தான் கேள்வி கேட்கிறேன்.

1. நாலு மணி இலவசமா?

இல்லை. அதற்கான பில் முந்தைய இரவு ஒன்பது மணிக்கே வந்துவிடுகிறது. நாலு மணிக்கு எழுகிறவர் ஏழு மணி நேரம் தூங்க வேண்டுமென்றால் ஒன்பதுக்குப் படுக்க வேண்டும். நெடுந்தூரப் பயிற்சியில் இருப்பவருக்குத் தூக்கம் பயிற்சியின் பாதி. கிழிந்த தசை சேர்வது அப்போதுதான். ஆகவே ஒன்பது மணிக்குப் படுப்பது சோம்பேறித்தனம் ஆகாது, நியாயமான தேவை.

ஆனால் ஒன்பது மணிக்கு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கிரைண்டரிலிருந்து மாவை வழித்து உப்புப் போட்டுக் கரைத்து வைக்க வேண்டும். பால் வெதுவெதுப்பாக ஆறியதும் உறை ஊற்ற வேண்டும். சிங்க்கில் ராத்திரிப் பாத்திரம் கிடக்கிறது. நாளைக்கு சார்ட் பேப்பர் வேண்டும் என்று பிள்ளை இப்போதுதான் சொல்கிறது. மாமனாரின் ராத்திரி மாத்திரை, காலையில் கட்ட வேண்டிய டிபன் பாக்ஸுக்குக் காய், கேஸ் வால்வு, வாசல் பூட்டு. இதில் ஒன்றுகூட ஓட்டக்காரர் படுத்துவிட்டார் என்பதற்காகக் காணாமல் போவதில்லை. எல்லாம் இன்னொருவர் தலைக்குப் போகிறது, அவ்வளவுதான். ‘எல்லோரும் தூங்கும்போது ஓடினேன், யாரையும் தொந்தரவு செய்யவில்லை’ என்று பெருமையாகச் சொல்கிறவர், தான் தூங்கும்போது யார் விழித்திருந்தார் என்பதை யோசிப்பதில்லை.

காலைப் பக்கமும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் என்றால் மூன்றரைக்குக் கதவு திறக்கும். பெசன்ட் நகரிலோ ஈசிஆரிலோ குழு கூடி, ஓடி முடித்து, உடம்பை நீட்டி மடக்கி, படம் எடுத்து, எல்லோருமாக இட்லி வடை சாப்பிட்டு வீடு வர ஒன்பதரை. உப்புப் பூத்த பனியன் பாத்ரூம் வாளியில், ஈர ஷூ பால்கனியில். குளித்துவிட்டுப் படுத்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுகிறார். ஓடியது மூன்றே முக்கால் மணி நேரம். வீட்டுக்குப் போனது அந்த ஞாயிறு முழுவதும்.

2. கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?

போட்டிருந்தால் ‘கொஞ்ச நேரம்’ என்று பேச மாட்டார்கள். வழக்கமான பயிற்சித் திட்டம் 16 முதல் 18 வாரம். வாரத்தில் நாலைந்து நாள் ஓட்டம். உச்ச வாரங்களில் 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். மாரத்தானை ஐந்து மணி நேரத்தில் முடிக்கக்கூடியவரின் வேகம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 நிமிடம். 60 கிலோமீட்டருக்கு 420 நிமிடம், அதாவது 7 மணி நேரம். போக்குவரத்து, உடலைச் சூடாக்குதல், தசைப் பயிற்சி, குளியல் எல்லாம் சேர்ந்தால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. 32 கிலோமீட்டர் லாங் ரன் ஒன்றுக்கே 3 மணி 44 நிமிடம். உச்ச வாரத்தின் பத்து மணி நேரத்தையே அளவாக வைத்தால் 16 வாரத்துக்கு 160 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 20 நாள். வீட்டில் சொல்லாமல் இருபது நாள் லீவு எடுக்கிறவரை என்னவென்று சொல்வோம்?

இந்த 160 மணி நேரம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதுதான் முக்கியம். இந்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு இதை அளந்திருக்கிறது. 2019-இல், வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024-இல் அதே ஆய்வில் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழப் போனால், ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்களின் சராசரி, வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களுக்கு மட்டுமானது. கை வைக்காதவர்கள்தான் பெரும்பான்மை. அவர்கள் இந்தச் சராசரிக்குள் வரவே இல்லை.

ஏற்கெனவே இப்படிச் சாய்ந்து கிடக்கும் தராசில் வாரம் பத்து மணி நேரத்தை ஏற்றினால் எந்தத் தட்டு இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘எல்லோருக்கும் 24 மணி நேரம்தான்’ என்பது கடிகாரத்துக்கு உண்மை, குடும்பத்துக்கு உண்மையில்லை.

3. உடல்நலத்துக்காகவா ஓடுகிறீர்கள்?

அப்படியென்றால் இவ்வளவு தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வயது வந்தவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடினமான பயிற்சி போதும் என்கிறது. ஓட்டத்தைக் கடினமான பயிற்சி என்றே கொள்வோம். வாரம் மூன்று நாள், நாளுக்கு ஐம்பது நிமிடம் ஓடினால் மேல் வரம்பைத் தொட்டாயிற்று. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ‘இவர் ஃபுல் ஓடுகிறாரா, ஹாஃபா’ என்று கேட்டுக் குறைவதில்லை.

150 நிமிடத்துக்கு மேல் போகிறதெல்லாம் ஆசை. அதில் தவறொன்றுமில்லை. மனிதனுக்கு ஆசை வேண்டும். 30 கிலோமீட்டருக்கு மேல் உடம்பில் சேமித்த மாவுச்சத்து தீர்ந்து கால் கல்லாகும்போதும் அடுத்த அடி வைக்கிறோமே, அதில் ஒரு பெருமிதம் உண்டு. ஆனால் அந்த ஆசையை ‘குடும்பத்துக்காகத்தான் ஓடுகிறேன், நான் நன்றாக இருந்தால்தானே நீங்கள் நன்றாக இருப்பீர்கள்’ என்று மருந்துச் சீட்டாக நீட்டக் கூடாது. மருந்துச் சீட்டோடு யாரும் பேரம் பேச முடியாது. ஆசையென்று ஒத்துக்கொண்டால், எதிரில் இருப்பவருக்கும் ஓர் ஆசை இருக்கலாமே என்ற பேச்சு எழும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் உடல்நலத்தை முன்னால் நிறுத்துகிறார்கள்.

4. முன்மாதிரிகள் யார்?

‘அவர்களுக்கே நேரம் இருக்கிறதென்றால்’ என்று தொடங்கும் வாதம், அவர்களுக்கு நேரம் எப்படி வந்தது என்று விசாரிப்பதில்லை. அமைச்சரோ பெரிய நிறுவனத்தின் தலைவரோ ஓடுகிறார் என்றால் அவர் மனஉறுதியைப் பாராட்டுவோம். ஆனால் டிரைவரும் உதவியாளரும் சமையலுக்கு ஆளும் உள்ள வாழ்க்கையை, காலை ஏழேகாலுக்கு ஸ்கூல் வேன் பிடிக்க வேண்டிய வீட்டுக்கு அளவுகோலாக வைக்க முடியாது.

உலகின் மிகச்சிறந்த மாரத்தான் வீரர்களில் ஒருவரான எலியூட் கிப்சோகேவையே எடுத்துக்கொள்வோம். 2019-இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் அந்தத் தூரத்தைக் கடந்தவர். கென்யாவில் கப்டகட் என்ற ஊரின் முகாமில்தான் வாரநாட்களில் தங்கிப் பயிற்சி எடுத்தார். மனைவியும் பிள்ளைகளும் எல்டோரெட் நகரத்து வீட்டில். வார இறுதியில்தான் வீடு. உலகமே வியக்கும் மனஉறுதிக்காரரே குடும்பத்தையும் பயிற்சியையும் ஒரே கூரையின் கீழ் சமாளிக்க முயலவில்லை. பிள்ளைகளோடு வீட்டில் ஒருவர் இருந்தார்.

இந்த முகாமைப் பற்றி நம் ஊக்கப் பேச்சாளர்கள் சொல்லாமல் விடும் ஒரு விஷயமும் உண்டு. அங்கே வீட்டு வேலைக்கு முறை வைத்திருந்தார்கள். கழிவறை கழுவும் முறை வந்தால் ஒலிம்பிக் தங்கம் வென்ற கிப்சோகேயும் கழுவினார். நம் குழுக்களில் கிப்சோகேயின் பொன்மொழியை வாட்ஸ்அப்பில் அனுப்பாத வாரம் இல்லை. அந்த முறைப் பட்டியலை எத்தனை பேர் தங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்கள்?

5. ‘பெண்களும்தான் ஓடுகிறார்களே?’

ஓடுகிறார்கள், குறைவாக. இந்திய மாரத்தான்களின் தொடக்கக் கோட்டில் நின்று சுற்றிப் பார்த்தாலே தெரியும். பத்து கிலோமீட்டருக்கு வரும் பெண்கள் கூட்டம் முழு மாரத்தானில் மெலிந்துபோகும். ஏன்? மனசு வைத்தால் நேரம் கிடைக்கும் என்பது உண்மையானால், பெண்களுக்கு மனசு போதவில்லை என்று சொல்ல வேண்டி வரும். அதைச் சொல்லும் தைரியம் அந்தப் பேச்சாளர்களில் யாருக்கும் கிடையாது. சொல்ல மாட்டார்கள் என்றால், நேரம் மனசைப் பொறுத்தது என்ற மூல வாதத்தையும் கைவிட வேண்டும். இரண்டில் ஒன்று.

உடம்பு தாங்காது என்ற பேச்சு ஒழிந்து நாளாகிறது. 1896-இல் ஆண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் தொடங்கியது. பெண்களுக்கு 1984-இல் லாஸ் ஏஞ்சலஸில்தான் கதவு திறந்தது. அன்று ஜோன் பெனாய்ட் ஓடி வென்றதோடு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. மாரத்தான் வீராங்கனை பாலா ராட்க்ளிஃப் 2007 ஜனவரியில் பிள்ளை பெற்று, அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். ஆனால் ஓட்டமே அவருக்குத் தொழில். நம் ஊர்த் தாய்க்கு அது தொழிலுக்கும் வீட்டு வேலைக்கும் அப்பாற்பட்ட மூன்றாவது காரியம்.

ஓட வரும் ஒரு பெண்ணின் காலைப் பொழுதைக் கிட்டப்போய்ப் பாருங்கள். அவர் அலாரம் நாலுக்கு இல்லை, மூன்றுக்கு அடிக்கிறது. குக்கர் வைத்து, சட்னி அரைத்து, மூடிவைத்துவிட்டு வருகிறார். இருட்டில் தனியாக ஓட முடியாது. தெருநாய் ஒரு பக்கம், பைக்கில் பின்தொடர்கிறவன் ஒரு பக்கம். துணைக்கு ஆள் வந்த பிறகுதான் தெருவில் இறங்குகிறார். ஓடும்போதும் போனை இடுப்புப் பட்டையில் வைத்திருக்கிறார், பாட்டுக் கேட்க இல்லை. தண்ணீர் நிறுத்தத்தில் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே “யூனிபார்ம் கட்டில் மேலயே இருக்கு, பாருங்க” என்று பதில் சொல்ல. ஆண் ஓட்டக்காரர் வீட்டைவிட்டு வருகிறார். பெண் ஓட்டக்காரர் வீட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். இருவருக்கும் ஒரே தூரம்தான் என்று மெடலில் மட்டும்தான் எழுதியிருக்கிறது.

6. பிள்ளைகள் எதைக் கற்றுக்கொள்கிறார்கள்?

அப்பா கிளம்பும்போது பிள்ளை தூங்குகிறது. திரும்பி வந்ததும் அப்பா தூங்குகிறார். பிள்ளை ஓட்டத்தைப் பார்ப்பதில்லை. ஓட்டத்தைச் சுற்றி வீடு எப்படி நடக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. ‘அப்பாவுக்கு நாளைக்கு லாங் ரன், சத்தம் போடாதே’ என்று அம்மா சொல்வதைக் கேட்கிறது. அம்மாவுக்கு இப்படி யாரும் சத்தத்தை அடக்கியதில்லை என்பதையும் கவனிக்கிறது. ஒருவரின் இலக்குக்கு வீடே ஒதுங்கிப்போகும், இன்னொருவருக்கு இலக்கே கிடையாது என்று அது கற்றுக்கொள்கிறது. பிள்ளைகள் பார்த்துத்தான் கற்பார்கள் என்று சொல்கிறவர்கள், இந்தப் பாடத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும்.

7. ‘நாலு மாதம்தானே?’

எந்த நாலு மாதம் என்று காலண்டரைப் புரட்டுங்கள். சென்னை மாரத்தான் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. 16 வாரம் பின்னோக்கிப் போனால் பயிற்சி செப்டம்பரில் தொடங்குகிறது. காலாண்டுத் தேர்வு, நவராத்திரி கொலு, தீபாவளி, வடகிழக்குப் பருவமழை, மழையோடு வரும் காய்ச்சல், அரையாண்டுத் தேர்வு. வீட்டுக்கு ஆள்பலம் அதிகம் தேவைப்படும் மாதங்கள் எவையோ, அவையேதான் ஓட்டக்காரர் வீட்டில் இல்லாத மாதங்கள். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் வாரத்தில்தான் அவருக்கு 28 கிலோமீட்டர்.

நாலு மாதத்தோடு முடிகிறதா என்றால் அதுவும் இல்லை. அதே ஜனவரியில் மும்பை இருக்கிறது. சென்னையில் நினைத்த நேரத்துக்குள் முடிக்காதவர் அடுத்த ஊருக்குப் பதிவு செய்கிறார். முடித்தவரோ இன்னும் பத்து நிமிடம் குறைக்கப் பதிவு செய்கிறார். இரண்டு முடிவுக்கும் ஒரே விளைவு.

8. ஓட்டக்காரருக்காவது நல்லதா?

அவருக்கும் கேடுதான். கைக்குழந்தை உள்ள வீட்டில் ராத்திரி மூன்று முறை எழுந்து தொட்டில் ஆட்டுகிறவரிடம், நிம்மதியாகத் தூங்குகிறவருக்காக எழுதிய அட்டவணையைக் கொடுத்து ‘சாக்குச் சொல்லாதே’ என்றால் என்ன நடக்கும்? ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு 25 கிலோமீட்டர் ஓடுவார். முழங்காலோ குதிகாலோ பிடித்துக்கொள்ளும். அப்போதும் அவர் குறை சொல்வது அட்டவணையை இல்லை, தன் மனஉறுதியை. நேரம் என்பது மனத்தின் விளைச்சல் என்று நம்பவைத்துவிட்டால், நேரம் இல்லாதவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். வீட்டுக்காரியத்தில் பங்கெடுத்து, அதனால் பயிற்சியைத் தவறவிடும் நல்ல மனிதர் கூனிக் குறுகி நிற்க, வீட்டை எட்டிப் பார்க்காதவர் மேடையேறுகிறார். இந்த உபதேசத்தின் மிகப் பெரிய கோணல் இதுதான்.

அப்படியானால் பிள்ளை பெற்றவர்கள் ஓடவே கூடாதா?

இப்படிக் கேட்டு மடக்கிவிட்டதாக நினைப்பார்கள். ‘குடும்பம் ஆனப்புறம் இந்த வயசுல ஓட்டமென்ன’ என்று திண்ணையிலிருந்து வரும் எகத்தாளத்துக்கும் எனக்கும் உறவில்லை. அந்த எகத்தாளம் பெரும்பாலும் பெண்களைத்தான் வீட்டில் உட்கார வைத்திருக்கிறது. ஓடுங்கள். ஆனால் நேரம் கிடைத்தது என்று சொல்லாதீர்கள். இன்னார் கொடுத்தார் என்று சொல்லுங்கள். கொடுத்தார் என்று ஒப்புக்கொண்ட மறுகணமே சில கடமைகள் தாமாக வந்து சேரும்.

வாங்கியதை அந்த வாரத்திலேயே திருப்ப வேண்டும். ஞாயிறு காலை எடுத்துக்கொண்டவருக்கு ஞாயிறு மத்தியானத் தூக்கம் கிடையாது. சமையலும் பிள்ளையும் அவர் பொறுப்பு, மற்றவர் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும். அது நடக்காத வாரத்தில் லாங் ரன்னைக் குறைக்க வேண்டும். இந்த ஆண்டு ஒருவர் ஓடினால் அடுத்த ஆண்டு மற்றவர். அவருக்கு ஓட்டத்தில் நாட்டமில்லை என்றால் பாட்டோ படிப்போ சும்மா இருப்பதோ, அதே 160 மணி நேரம், அதே மரியாதையோடு. கைக்குழந்தையோ பொதுத்தேர்வோ படுக்கையில் பெரியவரோ உள்ள ஆண்டில் அரை மாரத்தான் போதும், 21.1 கிலோமீட்டருக்கான லாங் ரன் இரண்டு மணி நேரத்தை ஒட்டியே முடிந்துவிடும், வீட்டார் எழுவதற்குள் திரும்பலாம் என்ற பேச்சு அங்கேதான் உண்மையாகும். குழுக்களுக்கும் பொறுப்பு உண்டு. ஓட வருகிறவரின் ரத்த அழுத்தத்தைக் கேட்கும் படிவத்தில், அவர் வராத நேரத்தில் வீட்டை யார் பார்க்கிறார் என்றும் ஒரு வரி கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. பதிவுக் கட்டணம் கட்டிவிட்டு வீட்டில் சொல்வது வழக்கமாக இருக்கிறது. கட்டுவதற்கு முன் கேளுங்கள். ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்று பதில் வந்தால் அதை ஏற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு கேளுங்கள். அந்த எண்ணம் இல்லாமல் கேட்பது தகவல் சொல்வது மட்டும்தான். அப்படித் தகவல் மட்டும் சொல்லிவிட்டுப் போய் ஓடி முடித்தவருக்குக் கால் பலம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். மனஉறுதியைப் பற்றி அவர் மற்றவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.